ரசீது தராத வைப்பறை: உரிமத் துப்பாக்கி வைத்திருக்கும் ஒரு விவசாயியின் மதிப்புரை

ஈரோட்டில் மஞ்சள் மூட்டையைக் கிடங்கில் இறக்கினால், வண்டியிலிருந்து கடைசி மூட்டை இறங்கி முடிவதற்குள் எத்தனை மூட்டை, என்ன எடை, எந்தத் தேதி என்று எழுதிய சீட்டு கைக்கு வந்துவிடும். அந்தச் சீட்டு இல்லாமல் எந்தக் குடியானவனும் கிடங்கு வாசலைத் தாண்ட மாட்டான், கேட்காமலே அதைக் கொடுப்பதுதான் கிடங்குக்காரருக்கும் மரியாதை. இந்த மதிப்புரையும் ஒரு வைப்பறையைப் பற்றியதுதான். பொதுத்தேர்தல் அறிவிக்கப்பட்டதும் உரிமம் பெற்ற துப்பாக்கிகளை வாங்கி வைத்துக்கொண்டு, முடிவுகள் வந்தபின் திருப்பித் தரும் காவல் நிலைய வைப்பறையையும், அதற்குப் போகும் வழியில் சோதனைச்சாவடியில் கிடைக்கும் உபசரிப்பையும், உபசரிப்பு தவறிப்போனால் முறையிடுவதற்கென்று அரசு திறந்து வைத்திருக்கும் வாசல்களையும் ஒரே சேவையாக எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். ஏனெனில் 2024 மக்களவைத் தேர்தலின்போது இவை மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாக நான் பயன்படுத்த வேண்டியதாயிற்று. நிலையத்தின் பெயரையோ அதிகாரியின் பெயரையோ எழுதப்போவதில்லை.

முதலில் துப்பாக்கியைப் பற்றி. கொங்கு நாட்டின் வடபுறத்தில் காட்டை ஒட்டிய கிராமம் எங்களுடையது, தோட்டத்தின் மேற்கு வேலியைத் தாண்டினால் காப்புக்காடு தொடங்கிவிடும். என் தந்தை பயிர்ப் பாதுகாப்புக்கென்று வாங்கிய 12 போர் இரட்டைக்குழல் துப்பாக்கி அது. 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள், உரிமதாரர் 70 வயதை அடைந்தாலோ ஆயுதத்தை 25 ஆண்டுகள் வைத்திருந்தாலோ உயிரோடு இருக்கும்போதே அதை வாரிசின் பெயருக்கு மாற்றிக்கொள்ள வழி செய்கின்றன. அந்த வழியில்தான் அது என் பெயருக்கு வந்தது. விசாரணை, அறிக்கை, தனி அடையாள எண் என்று எல்லாம் முறைப்படி முடிந்தன. அதை வைத்து நான் எதையும் சுட்டதில்லை. காட்டுப்பன்றி வாழையையும் மரவள்ளியையும் புரட்டிப்போட்டாலும் உரிமம் இருக்கிறது என்பதற்காக அதைச் சுட்டுவிட முடியாது. 2025 ஜனவரியில் தமிழக அரசு வகுத்த நடைமுறைகூட, காப்புக்காட்டு எல்லையிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறையினர் சுடுவதற்குத்தான் இடம் தருகிறது. எங்கள் தோட்டம் காட்டுக்கு ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கிறது, அங்கே அதுவும் இல்லை. ராத்திரி காவலில் வானத்தைப் பார்த்து ஒரு வெடி போட்டால் பன்றிக்கூட்டம் அரைமணி நேரம் விலகி நிற்கும், அவ்வளவுதான் அதன் பயன். மலைத்தொடருக்கு அந்தப் பக்கம் குடகில் குடவர்களுக்கு உரிமமே வேண்டியதில்லை என்ற பழைய விலக்கு 2029 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. ஒரே காடு, ஒரே பன்றி, ஆனால் அங்கே வழக்கத்தை நம்பும் அரசு இங்கே காகிதத்தை நம்புகிறது. அந்தக் காகிதத்தையாவது முழுமையாக நம்பட்டும் என்பதுதான் என் குறை.

2024 மார்ச் 16ஆம் தேதி, சனிக்கிழமை, தேர்தல் அறிவிக்கப்பட்டது. திங்கட்கிழமை மாலை காவலர் ஒருவர் வீட்டுக்கு வந்து, ஏழு நாட்களுக்குள் துப்பாக்கியை ஒப்படைக்க வேண்டும் என்ற அறிவிப்பைக் கொடுத்துக் கையொப்பம் பெற்றுக்கொண்டு போனார். உரிமம் வைத்திருப்போர் அனைவரும் ஒப்படைத்தே ஆக வேண்டுமா என்பது தனிக் கேள்வி. தேர்தல் ஆணையத்தின் அறிவுறுத்தல்படி மாவட்ட அளவில் ஒரு குழு அமர்ந்து, பிணையில் இருப்பவர், குற்றப் பின்னணி உடையவர், முன்பு கலவரத்தில் ஈடுபட்டவர் போன்றோரின் உரிமங்களைத் தனித்தனியே பரிசீலித்து முடிவெடுக்க வேண்டும். மும்பை உயர்நீதிமன்றம் 2009இல் சொன்னதன் சாரமும் இதுதான், 2024 மார்ச்சில் அலகாபாத் உயர்நீதிமன்றமும் பொத்தாம்பொதுவாக எல்லோரிடமும் வாங்கக் கூடாது என்றே கூறியது. நடைமுறையில் எங்கள் பகுதியில் எல்லோருக்கும் ஒரே அறிவிப்புதான். நான் அதை எதிர்க்கவில்லை. எண்பது நாட்கள் துப்பாக்கி இல்லாமல் இருப்பது எனக்குப் பெரிய இழப்பில்லை, பன்றிக்குத்தான் ஆதாயம்.

புதன்கிழமை, 20ஆம் தேதி காலை, துப்பாக்கியைக் கட்டை வேறு குழல் வேறாகக் கழற்றி, கான்வாஸ் உறையில் வைத்துக் கட்டி, காரின் பின்பெட்டியில் வைத்தேன். எட்டுத் தோட்டாக்கள் தனியாக ஒரு தகரப் பெட்டியில் முன்பக்கம் இருந்தன. உரிமப் புத்தகமும் காவல் நிலையத்தின் அறிவிப்பும் சட்டைப்பையில் இருந்தன. பொது இடத்தில் ஆயுதத்தை வெளியே தெரியாதபடி உறையிட்டுத்தான் கொண்டுசெல்ல வேண்டும் என்று விதிகள் சொல்வதையும், குண்டு நிரப்பாமல் கொண்டுபோவதே அறிவு என்று தந்தை சொல்லிக்கொடுத்ததையும் ஒருசேரக் கடைப்பிடித்தேன். அக்கா மகன் உடன் வந்தான், கல்லூரியில் கடைசி ஆண்டு படிக்கிற பையன்.

நிலையத்துக்கு நாலு கிலோமீட்டர் முன்னால் தேர்தலுக்காகப் போட்டிருந்த தற்காலிகச் சோதனைச்சாவடியில் வண்டியை நிறுத்தினார்கள். பணம், பரிசுப்பொருள் கடத்தலைத் தேடுவது அவர்கள் கடமை, அதில் எனக்கு வருத்தமில்லை. கண்ணாடியை இறக்கியதும் நானாகவே, “சார், பின்னால லைசன்ஸ் துப்பாக்கி இருக்குதுங்க, ஸ்டேஷன்ல ஒப்படைக்கத்தான் கொண்டு போறேனுங்க” என்றேன். சொல்லாமல் இருந்து அவர்களே கண்டெடுத்தால் சந்தேகம் வரும் என்று நினைத்துத்தான் சொன்னேன். துப்பாக்கி என்ற சொல் காதில் விழுந்ததும் அதற்கு முன்னால் இருந்த ‘லைசன்ஸ்’ என்ற சொல் அந்த உதவி ஆய்வாளருக்குக் கேட்கவே இல்லை. கதவைத் திறந்து, சட்டைக் காலரைப் பிடித்து வெளியே இழுத்து, காரின் முன்மூடியின் மேல் என்னைக் கவிழ்த்தார். எனக்கு ஐம்பத்தெட்டு வயது. வெயிலில் அந்தத் தகடு எப்படிச் சுட்டது என்பதைத்தான் இன்றும் முதலில் நினைத்துக்கொள்கிறேன். அடியின் வலி பிறகுதான் வந்தது.

உரிமத்தைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன், வாங்கினார், திறக்கவில்லை. உறையை அவிழ்த்து, குழலையும் கட்டையையும் அவரே பொருத்த முயன்று, பொருத்திய துப்பாக்கியை உள்ளே குண்டு இருக்கிறதா என்று பார்க்காமலே, குதிரையில் விரலை வைத்தபடி நின்றார். குழல் நேராக அக்கா மகனின் வயிற்றைப் பார்த்தது. “சார், குழலை ஆளுங்க பக்கம் திருப்பாதீங்க” என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். துப்பாக்கி கையில் எடுக்கிற எவருக்கும் முதல் நாள் சொல்லித்தரும் பாடம் அது, காவலர் பயிற்சிப் பள்ளியிலும் அதைத்தான் சொல்லித்தருவார்கள். “எனக்கே சொல்லித் தர்றியா?” என்று கேட்டு, கன்னத்தில் ஒன்று வைத்தார். பையன் கைப்பேசியில் படம் எடுக்கத் தொடங்கியிருந்தான். அதைப் பிடுங்கி, அவனையே கடவுச்சொல் போடவைத்து, எடுத்ததை அழித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். சாலையில் கடமையாற்றும் காவலரைப் படம் பிடிக்கக் கூடாது என்று பொதுவான சட்டம் எதுவும் இல்லை. அதை அந்த இடத்தில் சொல்லும் துணிச்சல் எங்கள் இருவருக்கும் இல்லை.

பிறகு இரண்டு மணி நேரம் புளியமரத்தடியில் மண்ணில் உட்கார்ந்திருந்தோம். அதற்கிடையில் துப்பாக்கியை என் முன்னால் கிடத்தி ஒரு படம் எடுத்தார்கள். அது ‘தேர்தல் சோதனையில் துப்பாக்கியுடன் சிக்கிய நபர்’ என்ற வரியோடு மதியத்துக்குள் எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவுக்கே வந்து சேர்ந்தது. ஆய்வாளர் வந்தார், உரிமத்தைப் பார்த்தார், அறிவிப்பில் இருந்தது தம் நிலையத்தின் முத்திரையே என்பதையும் பார்த்தார். அவர்கள் வரச்சொன்ன இடத்துக்குத்தான் நான் போய்க்கொண்டிருந்தேன் என்று அப்போதுதான் அங்கே யாருக்கோ உறைத்தது. “சரி, நீங்க கிளம்புங்க, பொருளை நாங்களே கொண்டு போயிடறோம்” என்றார். துப்பாக்கியும் தோட்டாப் பெட்டியும் ஜீப்பில் ஏறின. பின்னாலேயே நிலையத்துக்குப் போய் ரசீது கேட்டேன். எழுத்தர் இல்லை, நாளைக்கு வாருங்கள் என்றார்கள். மறுநாளும் இல்லை. பாராவில் நின்ற ஏட்டு, எங்கள் பக்கத்து ஊர்க்காரர், “ஏனுங்க மாமா, எலெக்ஷன் முடிஞ்சா பொருள் தன்னால வரப்போகுது, சீட்டுக்கு எதுக்கு இத்தனை அலைச்சலுங்க” என்று ஆறுதலாகத்தான் கேட்டார்.

இந்த இடத்தில் சட்டம் என்ன சொல்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும், ஏனென்றால் என்னைப்போல உரிமம் வைத்திருப்பவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் அதைப் படித்ததில்லை, நானும் அடி வாங்கிய பிறகுதான் படித்தேன். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் 19ஆவது பிரிவின்படி, ஆயுதம் கொண்டுசெல்பவரிடம் உரிமத்தைக் காட்டச்சொல்லிக் கேட்க எந்தக் காவல் அதிகாரிக்கும் அதிகாரம் உண்டு. காட்ட மறுத்தாலோ, காட்ட முடியாமற் போய், அதை வைத்திருக்கும் உரிமை தமக்கு உண்டென்று நிறுவ முடியாவிட்டாலோதான் பெயரையும் முகவரியையும் கேட்கவும், தேவைப்பட்டால் ஆயுதத்தைக் கைப்பற்றவும் முடியும். பெயரையும் முகவரியையும் சொல்ல மறுத்தாலோ, பொய் சொல்வதாகவோ தப்பி ஓடப்போவதாகவோ சந்தேகம் எழுந்தாலோதான் பிடியாணை இல்லாமல் கைது செய்யலாம். படிப்படியாக ஏறிப்போகும் ஏணி அது. உரிமத்தைக் கையில் கொடுத்தவனுக்கு அந்த ஏணியின் முதற்படியிலேயே விவகாரம் முடிந்துவிட வேண்டும். என் விஷயத்தில் ஏணியே இல்லாமல் நேராகக் கூரைக்குத் தாவிவிட்டார்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 105ஆவது பிரிவு, சோதனையையும் கைப்பற்றுதலையும் ஒலி-ஒளிப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. நான் மூன்று மாதம் முன்னதாக அடிபட்டுவிட்டேன். இனி வருகிறவர்களுக்காகச் சொல்கிறேன்: படம் எடுக்க வேண்டிய கடமை இப்போது அவர்களுக்கே இருக்கிறது.

என் அண்ணன் மகள் அமெரிக்காவில் மென்பொருள் வேலையில் இருக்கிறாள். விஷயத்தைக் கேட்டதும், “பெரியவரே, அங்க உயிரோட உட்கார வெச்சாங்களே, அதுக்குச் சந்தோஷப்படுங்க” என்றாள். மின்னசோட்டாவின் பால்கன் ஹைட்ஸ் என்ற சிற்றூரில் 2016 ஜூலை 6 அன்று, துப்பாக்கி வைத்திருக்க உரிமம் பெற்றிருந்த பிலாண்டோ காஸ்டில் என்ற கறுப்பின இளைஞரின் காரைக் காவலர் ஒருவர் நிறுத்தினார். தம்மிடம் துப்பாக்கி இருப்பதாக அவரே முன்வந்து சொன்னார், அடுத்த சில நொடிகளில் அந்தக் காவலர் ஏழு முறை சுட்டதில் இறந்தார். சுட்ட காவலர் 2017 ஜூனில் நடுவர் குழுவால் விடுதலை செய்யப்பட்டார், ஆனால் வேலையில் தொடரவில்லை, குடும்பத்துக்கு ஏறத்தாழ 30 லட்சம் டாலர் இழப்பீடு தரப்பட்டது. அந்த மாநிலச் சட்டப்படி கேட்டால் மட்டும் சொன்னால் போதுமாம், அவர் கேட்காமலே சொன்னார். அதைக் கேட்டபோது எனக்குப் புளியமரத்தடி நினைவு வந்தது. நானும் கேட்காமல்தான் சொன்னேன். இரண்டு நாடுகளின் துப்பாக்கிப் பழக்கத்தையும் ஒப்பிடுவதற்கில்லை, அங்கே இனமும் சேர்ந்திருக்கிறது. ஆனால் ஒன்று மட்டும் இரண்டு இடத்திலும் ஒன்றாக இருக்கிறது: அரசே சரிபார்த்துக் கொடுத்த உரிமம், சாலையில் நிற்கும் அரசு ஊழியரின் கண்ணுக்கு மேலும் ஒரு சந்தேகமாகவே தெரிகிறது. அந்த வழக்கில் உலகமே பார்த்த காணொளி இருந்தது. என்னிடம் அழிக்கப்பட்ட ஒன்றுதான் இருந்தது.

ஜூன் 4ஆம் தேதி முடிவுகள் வந்தன. ஒரு வாரம் கழித்து நிலையத்துக்குப் போனபோது, மூலையில் சாய்த்து வைக்கப்பட்டிருந்த பன்னிரண்டு துப்பாக்கிகளின் நடுவில் என்னுடையதைத் தேடி எடுத்தார்கள். உறை இல்லை. குழலில் செந்துரு, கட்டையில் நீளமான கீறல். தோட்டாக்கள் ஆறு. எட்டு கொடுத்தேனே என்றதற்கு, பதிவேட்டில் ஆறு என்றுதான் இருக்கிறது என்றார் எழுத்தர். அந்தப் பதிவேட்டின் நகலைத்தான் நான் பிறகு ஐந்து மாதம் துரத்தினேன். பெற்றுக்கொண்டதாகக் கையொப்பம் போடச் சொன்னார்கள், ‘துருவுடனும் கீறலுடனும், இரண்டு தோட்டா குறைவாகவும் பெற்றுக்கொண்டேன்’ என்று எழுதிப் போட்டேன். அதற்கு முகம் சுளித்தாலும் தடுக்கவில்லை, அந்த அளவுக்கு எழுத்தருக்கு ஒரு மதிப்பெண் தர வேண்டும்.

முறையீட்டு வாசல்களைப் பற்றி. சம்பவத்துக்கு மறுநாளே நிலையத்தில் மனுக் கொடுத்தேன், மனு ரசீதான சிஎஸ்ஆர் கொடுக்க மறுத்துவிட்டார்கள். ஆட்சியர் அலுவலகத்தின் திங்கட்கிழமை குறைதீர் கூட்டம் தேர்தல் நடத்தை விதிகளால் நிறுத்தப்பட்டிருந்தது, வாசலில் ஒரு பெட்டி மட்டும் இருந்தது. பெட்டியில் போட்ட மனுவுக்கு யார் பொறுப்பு என்று தெரியாததால், காவல் கண்காணிப்பாளருக்கும் ஆட்சியருக்கும் ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பினேன். எங்கள் தபால்காரர் திருப்பிக் கொண்டுவந்த இரண்டு ஒப்புகை அட்டைகள்தான் இந்த விவகாரத்தில் அரசிடமிருந்து எனக்குக் கிடைத்த முதல் ரசீது.

அடுத்தது தகவல் உரிமைச் சட்டம். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிய ஒரு வெள்ளைத்தாளில் மூன்று விஷயங்கள் கேட்டேன்: நிலையத்தின் அன்றாட நடப்புகளை எழுதும் பொதுநாட்குறிப்பில் மார்ச் 20ஆம் தேதிப் பக்கம், ஆயுத ஒப்படைப்புப் பதிவேட்டில் என் பக்கம், அன்று நிலையத்தின் கேமராப் பதிவு. முப்பது நாள் கெடுவுக்கு ஒரு நாள் முன்னால் பதில் வந்தது. முதல் இரண்டும் விசாரணையைப் பாதிக்கும் என்று மறுப்பு, மூன்றாவதற்கு, பதிவுகள் 30 நாட்களே சேமிக்கப்படும், எனவே இல்லை என்ற விளக்கம். பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்சநீதிமன்றம் 2020 டிசம்பர் 2 அன்று கொடுத்த உத்தரவில், எல்லாக் காவல் நிலையங்களிலும் ஒலியோடு கூடிய கேமரா இருக்க வேண்டும், பதிவை 18 மாதங்கள் வைத்திருக்க வேண்டும், அதற்கு வசதி இல்லாவிட்டாலும் ஓராண்டுக்குக் குறையக் கூடாது என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறது. மேல்முறையீட்டில் அதைச் சுட்டிக்காட்டினேன். கேமராப் பதிவு வரவில்லை, ஆனால் பதிவேட்டின் நகலைக் கொடுக்கும்படி மேல்முறையீட்டு அதிகாரி உத்தரவிட்டார். உயர் நிலையில் ஒருவர் கோப்பைப் படித்துவிட்டு முடிவெடுத்தார் என்று உணர்ந்தது அந்த ஒரு முறைதான், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

நகல் வந்ததும்தான் எனக்கு உண்மையிலேயே வியர்த்தது. அதில் என் துப்பாக்கி ‘22.03.2024 அன்று உரிமதாரர் தாமாக முன்வந்து ஒப்படைத்தார், நல்ல நிலை, தோட்டா 6’ என்று எழுதியிருந்தது. 20ஆம் தேதி பகல் பன்னிரண்டு மணிக்கு என் கையிலிருந்து போனது 22ஆம் தேதிதான் பதிவேட்டில் ஏறியிருக்கிறது. இடைப்பட்ட இரண்டு நாள் அது யாரிடம், எந்த அறையில், எந்த ஜீப்பில் இருந்தது? அந்த நாற்பத்தெட்டு மணி நேரத்தில் அதை வைத்து யாராவது எதையாவது சுட்டிருந்தால், குண்டு பட்ட இடத்திலிருந்து தேடிவருகிறவர்கள் அடையாள எண்ணைப் பார்த்து நேராக என் வீட்டுக்குத்தான் வருவார்கள். உரிம நிபந்தனையை மீறினால் ஆறு மாதம் வரை சிறை என்று ஆயுதச் சட்டத்தின் 30ஆவது பிரிவு என்னைத்தான் கட்டுப்படுத்துகிறது. கன்னத்தில் விழுந்த அறையை நான் மறந்தாலும் மறப்பேன், இந்த இரண்டு நாளை மறக்க முடியாது. சீட்டுக்கு எதுக்கு அலைச்சல் என்று கேட்ட அந்த ஏட்டுக்கு இதுதான் என் பதில், நேரில் பார்த்தபோது சொன்னேன், அவரும் தலையை ஆட்டினார்.

துணைக் கண்காணிப்பாளர் அழைத்து விசாரித்தார், நாற்காலி கொடுத்தார், வாக்குமூலத்தைப் படித்துக் காட்டிவிட்டுத்தான் கையொப்பம் வாங்கினார். உதவி ஆய்வாளரின் விளக்கத்தில், நான் உறையைத் திறக்க மறுத்து முரண்டு பிடித்ததாகவும் ‘குறைந்தபட்ச பலம்’ பயன்படுத்தப்பட்டதாகவும் இருந்தது. அதற்குள் ஊரில் சமாதானப் படலம் தொடங்கிவிட்டது. கட்சிக்காரர் ஒருவர், பங்காளி ஒருவர், முன்னாள் வார்டு உறுப்பினர் ஒருவர் என்று வரிசையாக வந்து, பேசி முடித்துக்கொள்ளலாம் என்றார்கள். கடைசியாக வந்தவர் சொன்னதுதான் கூர்மையானது: “லைசன்ஸ் ரினியூவலுக்குப் போலீஸ் ரிப்போர்ட் வேணுமுங்களே, யோசிச்சுக்கோங்க.” 2019இல் திருத்திய சட்டம் உரிமத்தின் காலத்தை மூன்று ஆண்டிலிருந்து ஐந்தாக நீட்டியது, அதாவது ஐந்தாண்டுக்கு ஒருமுறை நான் அதே நிலையத்தின் கையெழுத்துக்குக் காத்திருக்க வேண்டும். குறை சொல்லப்பட்டவரே குறை சொன்னவரின் நடத்தைக்குச் சான்று தரும் இந்த ஏற்பாட்டில், புகார் செய்கிற உரிமதாரர் ஏன் மிகக் குறைவு என்பதை விளக்கத் தனி ஆய்வு வேண்டியதில்லை.

காவல்துறைப் புகார் ஆணையம் என்று ஒன்று இருப்பதை வழக்கறிஞர் ஒருவர் சொல்லித்தான் அறிந்தேன். பிரகாஷ் சிங் வழக்கில் உச்சநீதிமன்றம் 2006 செப்டம்பர் 22 அன்று, மாநில அளவில் ஓய்வுபெற்ற உயர்நீதிமன்ற அல்லது உச்சநீதிமன்ற நீதிபதியும், மாவட்ட அளவில் ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதியும் தலைமை வகிக்கும் தனி அமைப்புகள் வேண்டும் என்றது. தமிழ்நாட்டின் 2013ஆம் ஆண்டுச் சட்டம் மாநில அமைப்புக்கு உள்துறைச் செயலரையும், மாவட்ட அமைப்புக்கு ஆட்சியரையும் தலைவராக்கி, காவல்துறை அதிகாரிகளையே உறுப்பினர்களாகப் போட்டது. கிடங்கில் மூட்டை குறைந்தால் கிடங்குக்காரரும் அவர் கணக்குப்பிள்ளையும் உட்கார்ந்து விசாரிப்பதைப் போன்றது. எங்கள் மாவட்டத்தின் ஆட்சியரும் கண்காணிப்பாளரும் எவ்வளவு நேர்மையானவர்களாக இருந்தாலும், அமைப்பின் வார்ப்பே கோணலாக இருக்கும்போது அந்த வாசலுக்கு நான் போகவில்லை.

மாநில மனித உரிமை ஆணையத்துக்கு எழுதினேன். சம்பவம் நடந்த ஓராண்டுக்குள் மனு செய்தாக வேண்டும் என்பதை மட்டும் யாரும் மறக்கக் கூடாது, தேர்தல், சமாதானம், தகவல் உரிமை என்று இழுத்ததில் எனக்குப் பத்து மாதம் ஓடிவிட்டிருந்தது. ஆணையத்தின் பரிந்துரை வெறும் அறிவுரை அல்ல, அரசைக் கட்டுப்படுத்தும் என்று சென்னை உயர்நீதிமன்றத்தின் முழு அமர்வு 2021 பிப்ரவரி 5 அன்று தீர்ப்பளித்த பிறகு அந்த வாசலுக்கு ஒரு கனம் வந்திருக்கிறது. எங்கள் பக்கத்து மலைக்கிராமங்களில் வீரப்பன் தேடுதலின்போது அதிரடிப்படையால் பாதிக்கப்பட்டவர்களின் நினைவு இன்னும் ஆறவில்லை. தேசிய மனித உரிமை ஆணையம் அமைத்த சதாசிவா குழுவின் முன்னால் அவர்கள் போய் நின்று சொன்னதும், 2007இல் 89 பேருக்கு இடைக்கால நிவாரணமாக 2 கோடியே 80 லட்சம் ரூபாய் வழங்கச் சொன்னதும், காகிதத்தில் எழுதிக் கொடுத்தால் மெதுவாகவேனும் நகரும் என்று எங்களூர்ப் பெரியவர்களுக்குக் கற்றுத்தந்திருக்கிறது. அவர்கள் பட்டதோடு ஒப்பிட என்னுடையது ஒரு கொசுக்கடி. மனு எண்ணிடப்பட்டு இருக்கிறது.

இதற்கிடையே, துருவை எடுப்பதற்காகக் கோயம்புத்தூரில் உரிமம் பெற்ற ஆயுதக்கடை ஒன்றுக்குத் துப்பாக்கியைக் கொண்டுபோனேன். தேர்தல் காலத்தில் காவல் நிலையத்துக்குப் பதிலாக இப்படிப்பட்ட கடைகளிலும் ஒப்படைக்கலாம் என்பது அங்கே போன பிறகுதான் தெரிந்தது. அறிவிப்பு கொண்டுவந்த காவலர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கடைக்காரர் அடையாள எண், குழல் எண், தோட்டா எண்ணிக்கை, கட்டையில் இருந்த கீறல் எல்லாவற்றையும் எழுதி, நாலு பக்கமும் படம் எடுத்து, என்னையும் கையொப்பமிட வைத்து, நகலைக் கையில் கொடுத்தார். மாதம் ஐந்நூறு ரூபாய், எண்ணெய் துடைப்பும் சேர்த்து. இரண்டு மாதம் கழித்து வாங்கியபோது என் முகம் தெரியும் அளவுக்குக் குழல் பளபளத்தது. ஈரோடு கிழக்கில் மஞ்சள் மண்டி வைத்திருக்கும் நண்பரிடம் கைத்துப்பாக்கி இருக்கிறது. 2023 பிப்ரவரி இடைத்தேர்தல், 2024 மக்களவைத் தேர்தல், 2025 பிப்ரவரியில் மறுபடியும் இடைத்தேர்தல் என்று இரண்டு ஆண்டுக்குள் மூன்று முறை ஒப்படைத்தவர். மூன்று முறையும் கடையில்தான் வைத்திருக்கிறார். இதை முன்னமே சொல்லியிருக்கலாமே என்றால், நீங்கள் கேட்கவில்லையே என்கிறார்.

மதிப்பெண் போட வேண்டுமென்றால், சோதனைச்சாவடிக்கு ஐந்துக்குப் பூஜ்யம். வைப்பறைக்கு, பொருள் மொத்தமாகக் காணாமற் போகவில்லை என்ற ஒரே காரணத்துக்காக ஒன்று. தகவல் உரிமை மேல்முறையீட்டுக்கு மூன்று. கோயம்புத்தூர்க் கடைக்கு ஐந்து, ஆனால் அரசு இலவசமாக ஒழுங்காகச் செய்ய வேண்டிய வேலையைக் காசு கொடுத்து வாங்க வேண்டியிருக்கிறது என்பதை அந்த ஐந்தோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

அந்த உதவி ஆய்வாளர் வேறு நிலையத்துக்கு மாற்றப்பட்டிருக்கிறார் என்று கேள்வி. ‘நிர்வாகக் காரணம்’ என்பதால் அது தண்டனையா வழக்கமான மாறுதலா என்பதற்குக் காகிதம் எதுவும் என் கைக்கு வரவில்லை. ஒப்படைப்புத் தேதியை 20.03.2024 என்று திருத்திய ரசீது ஒன்று மட்டும் பத்தாவது மாதத்தில் தபாலில் வந்தது. திருத்திய இடத்தில் சுருக்கொப்பம் இல்லை, தோட்டா எண்ணிக்கை ஆறாகவே இருக்கிறது. என் உரிமம் 2026 செப்டம்பரில் முடிகிறது. நடத்தை அறிக்கை தர வேண்டியது அதே நிலையம்தான், அது வந்த பிறகு இந்த மதிப்புரையின் மீதியை எழுதுகிறேன்.